மளிகைக் கடன் நோட்டும் பைத்தான் கிளாஸும்: இந்த "செல்ஃப்" யாருன்னு யாராவது சொல்லுங்க

பலசரக்கு_பையன் | இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. லிஸ்ட், டிக்ஷனரி, ஃபங்ஷன் வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துட்டேன். அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். அந்தக் கடன் நோட்டை ஒரு புரோகிராமா எழுதியிருக்கேன், அது ஓடவும் செய்யுது.

இப்ப கிளாஸ், ஆப்ஜெக்ட் கிட்ட வந்து நிக்கறேன். மூணு வீடியோ பார்த்தேன். மூணுலயும் ஒரு நாய் வருது, குரைக்குது. அடுத்து கார் வருது, ஓடுது. வீடியோ முடியற வரைக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கு. எடிட்டரைத் திறந்தா அந்த நாய்க்கும் எங்க கடைக்கும் என்ன சம்பந்தம்னே தெரியல.

தைரியமா ஒண்ணு எழுதிப் பார்த்தேன். (போன்ல தமிழ் கீபோர்டுலயே அடிக்கறேன். கீவேர்டு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஆங்கிலத்துலதான் இருக்கு.)

கிளாஸ் கணக்கு:
    பாக்கி = 0
    டெஃப் கடன்(தொகை):
        பாக்கி = பாக்கி + தொகை

முருகன் = கணக்கு()
முருகன்.கடன்(250)

இதுக்கு வந்த எரர்: "கடன்() டேக்ஸ் 1 பொசிஷனல் ஆர்கியுமென்ட் பட் 2 வேர் கிவன்". ஆர்கியுமென்ட்னு அடைப்புக்குறிக்குள்ள நான் குடுத்தது 250 ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவதை யாருங்க குடுத்தா? வீடியோல முதல்ல போடறாங்களே, அந்த "செல்ஃப்"தானா?

சுக்குக்காப்பி | இரவு 9.55

ரொம்ப சிம்பிள் ப்ரோ. கிளாஸ்னா முறுக்கு அச்சு, ஆப்ஜெக்ட்னா முறுக்கு. ஒரே அச்சுல எத்தனை முறுக்கு வேணா பிழியலாம். அவ்ளோதான் மேட்டர்.

ரெண்டு_வரி_போதும் | இரவு 10.03

> கிளாஸ்னா முறுக்கு அச்சு

இந்த முறுக்கை இன்னும் எத்தனை வருஷத்துக்குப் பிழியப் போறோம்? அவர் கேட்டது "ரெண்டாவது ஆர்கியுமென்ட் எங்கேருந்து வந்துச்சு". முறுக்கு அதுக்கு என்ன பதில் சொல்லும்?

இன்னொண்ணு. பிழிஞ்சு எண்ணெயில போட்ட பிறகு முறுக்குக்கும் அச்சுக்கும் உறவு முடிஞ்சுது. பைத்தான்ல முடியாது. ஆப்ஜெக்ட்கிட்ட ஒரு பேரைக் கேட்டா முதல்ல தன்கிட்ட தேடும். இல்லேன்னா தன் கிளாஸ்கிட்ட போய் "உன்கிட்ட இருக்கா"ன்னு கேக்கும். ஆயுசு பூரா கேக்கும். புதுசா வர்றவங்க மாட்டிக்கறது சரியா இந்த இடத்துலதான். உவமையும் சரியா அங்கேதான் உடையுது.

என் கருத்து: தம்பி புரோகிராம் ஓடுதுன்னா கிளாஸே வேண்டாம். ஃபங்ஷன் போதும்.

இரவு_ஷிஃப்ட் | இரவு 11.20

தம்பி, கிளாஸை ஒரு நாள் மறந்துடுங்க. ஓடிக்கிட்டிருக்கற பழைய புரோகிராமைக் காட்டுங்க. அதுல எங்கயாவது கை சுட்டிருக்கா? சுடாத இடத்துக்கு யாரும் மருந்து போட முடியாது.

பலசரக்கு_பையன் | இரவு 11.48

சுட்டிருக்கு அண்ணா, நல்லாவே. மூணு லிஸ்ட் வெச்சிருக்கேன்: பெயர்கள், பாக்கிகள், போன்கள். மூணுலயும் 7ஆம் இடத்துல இருக்கறது ஒரே ஆளோட விவரம்.

போன மாசம் ஒருத்தர் மொத்தப் பாக்கியையும் கட்டிக் கணக்கை முடிச்சுட்டார். அவரைப் பெயர்கள்ல இருந்தும் பாக்கிகள்ல இருந்தும் எடுத்துட்டேன். போன்கள்ல இருந்து எடுக்க மறந்துட்டேன். மாசக் கடைசியில நினைவூட்டல் மெசேஜ் போட்டேன். முந்தின நாள் கட்டி முடிச்ச அதே மனுஷனுக்கு, அடுத்த ஆளோட 4,850 ரூபா பாக்கின்னு போயிடுச்சு. அவருக்குக் கீழ இருக்கற எல்லாருக்குமே பின்னாடி ஆளோட பாக்கிதான் போயிருக்கு. காலையில கடை வாசல்ல ஒரே கூட்டம். அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல.

சுக்குக்காப்பி | இரவு 11.51

😂😂 மன்னிச்சிடுங்க ப்ரோ, சிரிப்பை அடக்க முடியல

இரவு_ஷிஃப்ட் | இரவு 12.30

இந்த ஒரு கதை போதும், மூணு வீடியோவும் வேண்டாம்.

உங்க அப்பாவோட நோட்டை நினைச்சுப் பாருங்க. பெயருக்கு ஒரு நோட்டு, பாக்கிக்கு ஒரு நோட்டு, போன் நம்பருக்கு ஒரு நோட்டுன்னா வெச்சிருக்கார்? ஆளுக்கு ஒரு பக்கம். மேல பேர், ஓரத்துல நம்பர், கீழ வரவு செலவு. ஆள் போனா பக்கம் மொத்தமா போகும். அப்பா நோட்டு சரியா இருக்கு, உங்க புரோகிராம்தான் அதை மூணாக் கிழிச்சுடுச்சு.

முதல் மருந்து கிளாஸ் இல்ல, டிக்ஷனரி. ஆளுக்கு ஒரு டிக்ஷனரி, எல்லாம் சேர்த்து ஒரே லிஸ்ட். இதை மட்டும் செஞ்சிருந்தா அந்த மெசேஜ் தப்பாப் போயிருக்காது. "ஃபங்ஷன் போதும்"னு மேல சொன்னவர் இந்த அளவுல சரிதான்.

அடுத்தது வேற வலி. பாக்கியைத் தொடற வரி எத்தனை இடத்துல இருக்கு? கடன் எழுதற இடம், வரவு வைக்கற இடம், சரக்கு திருப்பிக் குடுத்தா கழிக்கற இடம். நாளைக்கு அப்பா "பாக்கிக்கு மேல யார்கிட்டயும் வாங்காதே, அப்புறம் மீதிக் காசுக்குச் சண்டை வரும்"ங்கறார். அந்த ஒரு நிபந்தனையை எத்தனை இடத்துல எழுதுவீங்க? ஒரு இடம் விட்டுப் போகும். கிளாஸ் இந்த வலிக்குத்தான். பக்கத்தையும், அந்தப் பக்கத்துல எப்படி எழுதணும்ங்கற முறையையும் சேர்த்தே ஒரு இடத்துல வைக்கறது.

கிளாஸ் கணக்கு:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், போன்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.போன் = போன்
        செல்ஃப்.பாக்கி = 0

    டெஃப் கடன்(செல்ஃப், தொகை):
        செல்ஃப்.பாக்கி += தொகை

    டெஃப் வரவு(செல்ஃப், தொகை):
        இஃப் தொகை > செல்ஃப்.பாக்கி:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("பாக்கியை விட அதிகம்")
        செல்ஃப்.பாக்கி -= தொகை

முருகன் = கணக்கு("முருகன்", போன் நம்பர்)னு புதுப் பக்கம் திறக்கும்போது __இனிட்__ தானா ஓடும். இப்ப உங்க ரெண்டாவது ஆர்கியுமென்ட். முருகன்.கடன்(250)னு எழுதினா பைத்தான் அதை எடுத்துக்கறது இப்படி:

கணக்கு.கடன்(முருகன், 250)

இதை அப்படியே அடிச்சுப் பாருங்க, ஓடும். ரெண்டும் ஒண்ணேதான். புள்ளிக்கு இடது பக்கம் நிக்கற ஆள் அடைப்புக்குறிக்குள்ள முதல் ஆளாப் போய் உக்காந்துக்கறார். நீங்க குடுத்தது ஒண்ணு, முருகனே ஒண்ணு, ஆக ரெண்டு. உங்க ஃபங்ஷன்ல ஒரு நாற்காலிதான் போட்டிருந்தீங்க, அதான் எரர். முருகனுக்குப் போட்ட நாற்காலி பேருதான் செல்ஃப். செல்வி.கடன்(100)னு கூப்பிட்டா அதே நாற்காலியில செல்வி உக்காருவாங்க.

பலசரக்கு_பையன் | இரவு 12.41

அண்ணா!! கணக்கு.கடன்(முருகன், 250) நிஜமாவே ஓடுது. நாலு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்.

ஆனா உள்ள ஏன் செல்ஃப்.பாக்கின்னே எழுதணும்? வெறும் பாக்கின்னு எழுதினா தெரியாதா?

பனங்கொட்டை | இரவு 1.15

தம்பி, அதுக்கு எங்கட தமிழிலயே விடை இருக்கு. செல்ஃப் எண்டது பைத்தானிலை கீவேர்டே இல்லை. சும்மா ஒரு பெயர். நீர் விரும்பின பெயர் வைக்கலாம். நான் படிக்கிற காலத்திலை "தன்" எண்டு வைச்சுப் பார்த்தன், உடனை விளங்கிச்சுது:

டெஃப் கடன்(தன், தொகை):
    தன்.பாக்கி += தொகை

தன் பாக்கியிலை தொகையைக் கூட்டு. வாசிச்சுப் பாரும், வசனம் மாதிரியே கிடக்கு. "அவன் தன் வீட்டுக்குப் போனான்" எண்டு சொல்லேக்கை அந்தத் "தன்" ஆர் எண்டு ஆரும் கேக்கிறேல்லை, எழுவாய் ஆரோ அவர்தான். இங்கை எழுவாய் புள்ளிக்கு முன்னாலை நிக்கிறவர். வெறும் "பாக்கி" எண்டு எழுதினா அது அந்த ஃபங்ஷனுக்கை மட்டும் உயிரோடை இருக்கிற மாறி. வேலை முடிய அதுவும் போயிடும்.

பைத்தான் 3இலை மாறிப் பெயர், கிளாஸ் பெயர் எல்லாம் தமிழிலை வைக்கலாம். கீவேர்டு மட்டும்தான் ஆங்கிலம்.

ரெண்டு_வரி_போதும் | காலை 7.10

"தன்" அழகா இருக்கு, ஒத்துக்கறேன். வீட்டுப்பாடத்துக்கு வெச்சுக்கோங்க. நாலு பேர் படிக்கற கோடுக்குப் போகும்போது செல்ஃப்னே எழுதுங்க. பைத்தான் எழுதற நடைக்கான வழிகாட்டி பெப் 8 அதைத்தான் சொல்லுது, எல்லா எடிட்டரும் அதைத்தான் எதிர்பார்க்குது. முதல் இடத்துக்கு இப்படி வெளிப்படையா ஒரு பேர் குடுக்கற பழக்கத்தை பைத்தானை உருவாக்கின கைடோ வான் ராஸம் மாடுலா-3 மொழியில இருந்து எடுத்துக்கிட்டார். ஜாவா, சி++ல அது மறைஞ்சு இருக்கும், திஸ்னு வேணும்போது எட்டிப் பார்க்கும். பைத்தான்ல எப்பவும் கண்ணு முன்னாடியே நிக்கும். எனக்கு இது பிடிக்கும். கிளாஸே பிடிக்காத எனக்கே பிடிக்கும்.

தமிழ்ப் பெயர் வைக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "தொகை"யில இருக்கற ஒகரக் குறியை கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமா சேமிக்கலாம்: ஒரே யூனிகோட் எழுத்தா, இல்ல ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா. திரையில பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறிப் பெயரா இருந்தா பைத்தானே ரெண்டையும் ஒண்ணாக்கிக்கும். டிக்ஷனரியில ஸ்ட்ரிங் கீயா இருந்தா ஒண்ணாக்காது, வேற வேற கீன்னு நினைச்சுக்கும். பழைய ஃபைல்ல இருந்து காப்பி பண்ணின பேரைத் தேடினா "கீஎரர்" வரும், கண்ணு வலிக்கப் பார்த்தாலும் பிழை தெரியாது. யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் இருக்கு, அதைப் போட்டுச் சேமிங்க. நான் இதுல ஒரு ராத்திரி தூக்கம் தொலைச்சிருக்கேன்.

கரும்பலகை | காலை 8.05

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான்தான். அதில் 10ஆம் பாடமே கிளாஸும் ஆப்ஜெக்ட்டும். தமிழ் வழியில் இனக்குழு (கிளாஸ்), பொருள் (ஆப்ஜெக்ட்), ஆக்கி (கன்ஸ்ட்ரக்டர், அதாவது இனிட்), அழிப்பி (டிஸ்ட்ரக்டர்) என்று படிக்கிறார்கள். "இனக்குழு என்றால் என்ன" என்று கேட்டால் பிள்ளைகள் வரி பிசகாமல் சொல்வார்கள். ஆய்வகத்தில் உட்காரவைத்து "உங்கள் வகுப்பு வருகைப் பதிவுக்கு ஓர் இனக்குழு எழுது" என்றால் கை நடுங்கும்.

நான் இப்போது வேறு வழியில் போகிறேன். அந்தப் பாடத்துக்கு முதல் நாள் புதிதாக எதுவுமே சொல்வதில்லை. டைப்(5) என்று அடிக்கச் சொல்வேன். திரையில் "கிளாஸ் இன்ட்" என்று வரும். டைப்("மல்லிகை"), "கிளாஸ் எஸ்டிஆர்". டைப்([1, 2]), "கிளாஸ் லிஸ்ட்". அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "டீச்சர், அப்போ இத்தனை மாதமாக நாங்கள் ஆப்ஜெக்ட்டைத்தான் வைத்துக்கொண்டிருந்தோமா?" ஆமாம். மதிப்பெண்கள்.அப்பெண்ட்(78) என்று எத்தனை முறை எழுதியிருப்பார்கள்! அந்தப் புள்ளியைப் பற்றி அதுவரை யாரும் யோசித்ததே இல்லை. லிஸ்ட்.அப்பெண்ட்(மதிப்பெண்கள், 78) என்று எழுதிக் காட்டுவேன், அதுவும் ஓடும். மேலே ஒருவர் முருகனை வைத்துக் காட்டினாரே, அதேதான்.

லிஸ்ட்டை யாரோ எழுதிக் கொடுத்தார்கள், கணக்கை நீ எழுதப் போகிறாய். வித்தியாசம் அவ்வளவுதான். பழைய பைத்தானில் இன்ட், லிஸ்ட் போன்ற உள்ளமைந்த வகைகளும் நாம் எழுதும் கிளாஸும் தனித்தனி உலகமாக இருந்தன. 2001இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து இரண்டையும் ஒன்றாக்கத் தொடங்கினார்கள். பைத்தான் 3இல் அந்தப் பிரிவே இல்லை.

மணி அடித்துவிடும். மீதி மாலையில்.

இரவு_ஷிஃப்ட் | காலை 8.20

டீச்சர், ஒரு சின்ன உறுத்தல். ஆக்கின்னு சொல்றோமே, இனிட் உண்மையில எதையும் ஆக்கறதில்ல. அது ஓடறதுக்கு முன்னாடியே ஆப்ஜெக்ட் உருவாகி முடிஞ்சிருக்கும். அதனாலதான் செல்ஃபை அது முதல் ஆர்கியுமென்ட்டா வாங்கிக்க முடியுது. வீடு கட்டறது __நியூ__. பால் காய்ச்சிக் குடி போய், சாமான் எல்லாம் அடுக்கறது __இனிட்__. வீடு கட்டற வேலையை பைத்தான் பார்த்துக்கும், நாம கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் ஏற்பாடு பண்ணினாப் போதும்.

அழிப்பி, அதாவது __டெல்__, இன்னும் மோசம். டெல் முருகன்னு எழுதினா முருகன்ங்கற பேர்தான் அழியும். அந்த ஆப்ஜெக்ட்டை லிஸ்ட்ல வேற யாராவது பிடிச்சிருந்தா __டெல்__ ஓடவே ஓடாது. அதுல ஃபைல் சேமிக்கற கோடை எழுதிடாதீங்க தம்பி, என்னிக்காவது ஒரு நாள் கணக்கு காணாமப் போகும்.

தையல்மெஷின் | காலை 11.30

நானும் கேக்கலாமா? குழந்தைங்க ஸ்கூலுக்குப் போன பிறகு கத்துக்கறேன். வீட்டுல தையல் வேலை. அளவு எழுதற அட்டையை கிளாஸா எழுதினேன். சந்தோஷமா ஓடுச்சு. ஆனா பேய் புகுந்த மாதிரி ஒண்ணு நடக்குது.

கிளாஸ் அட்டை:
    துணிகள் = []
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
    டெஃப் சேர்(செல்ஃப், துணி):
        செல்ஃப்.துணிகள்.அப்பெண்ட்(துணி)

செல்விக்கு ரெண்டு பிளவுஸ் சேர்த்தேன். அப்புறம் மேரி அட்டையைத் திறந்து பார்த்தா அதுலயும் அதே ரெண்டு பிளவுஸ். மேரி இன்னும் துணியே குடுக்கலீங்க!

ரெண்டு_வரி_போதும் | பகல் 12.15

அக்கா, நேத்து நான் முறுக்கைத் திட்டினது இதுக்காகத்தான்.

கிளாஸ் வரிக்கு நேர் கீழ எழுதின துணிகள், கிளாஸுக்குச் சொந்தம். கடைச் சுவத்துல மாட்டின ஒரே ஒரு கரும்பலகை மாதிரி. செல்வி அட்டைகிட்ட துணிகள் எங்கன்னு கேட்டா, தன்கிட்ட இல்லாததால கிளாஸ்கிட்ட போய்ப் பலகையைக் காட்டும். மேரி அட்டையும் அதே பலகையைத்தான் காட்டும். ரெண்டு பேரும் ஒரே பலகையில எழுதறாங்க.

துணிகள் வரியை இனிட்டுக்குள்ள செல்ஃப்.துணிகள் = []னு கொண்டு போங்க. ஆளுக்கு ஒரு லிஸ்ட் ஆயிடும்.

இதுல இன்னொரு கண்கட்டு வித்தை. அதே இடத்துல லிஸ்ட்டுக்குப் பதிலா எண்ணிக்கை = 0ன்னு போட்டு, செல்ஃப்.எண்ணிக்கை += 1னு எழுதியிருந்தா சரியா வேலை செய்யற மாதிரியே இருந்திருக்கும். ஏன்னா அது கிளாஸ்கிட்ட இருந்து 0வைப் படிச்சு, கூட்டி, விடையைத் தன்கிட்டயே எழுதிக்கும். அப்பெண்ட் எதையும் புதுசா எழுதறதில்ல, இருக்கற லிஸ்ட்டுக்குள்ளயே கை விடும். அதனால சிலர் பல மாசம் தப்பா எழுதிக்கிட்டே இருப்பாங்க, எண் வெச்சிருக்கற வரைக்கும் மாட்டவே மாட்டாங்க.

இதுக்கு ஒரு தம்பியும் இருக்கான்: டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், துணிகள்=[]). இங்கயும் அந்த லிஸ்ட் டெஃப் வரியைப் படிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும். நன்னு போட்டுட்டு உள்ள போய்ப் புது லிஸ்ட் உருவாக்குங்க. (நான்னு படிச்சிடாதீங்க. என்-ஓ-என்-இ, "எதுவும் இல்ல"ன்னு அர்த்தம்.)

தையல்மெஷின் | பகல் 12.40

சரியாயிடுச்சு தம்பி! மேரி அட்டை காலி. ரொம்ப நன்றி.

பிரிண்ட் பண்ணினா மட்டும் "அட்டை ஆப்ஜெக்ட் அட் 0எக்ஸ்7எஃப்..."னு ஏதோ லாரி நம்பர் மாதிரி வருது. அதைப் பேரா மாத்த முடியுமா?

கரும்பலகை | மாலை 5.50

முடியும் அம்மா. __ரெப்ர்__ என்று ஒரு முறையை (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனை) எழுதி, அதில் ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கொடுங்கள். __எஸ்டிஆர்__ மட்டும் எழுதினால் தனி அட்டையை பிரிண்ட் செய்யும்போது சரியாக வரும், அட்டைகளின் லிஸ்ட்டை பிரிண்ட் செய்தால் மறுபடியும் லாரி நம்பர்தான். லிஸ்ட் தன் உள்ளே இருப்பவற்றுக்கு ரெப்ரைத்தான் கேட்கும். ஒன்றுதான் எழுதப் போகிறீர்கள் என்றால் ரெப்ர் எழுதுங்கள், எஸ்டிஆர் இல்லாத இடத்தில் அதுவே உதவும்.

இந்த இரட்டை அடிக்கோட்டுப் பெயர்களுக்கெல்லாம் ஒரே குணம். நாம் எழுதுவோம், பைத்தான் கூப்பிடும். பிள்ளைகளிடம் இதை மட்டும் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

சுக்குக்காப்பி | மாலை 6.30

டேட்டாகிளாஸ் இருக்கும்போது ஏன் எல்லாரும் கஷ்டப்படறீங்க? கிளாஸுக்கு மேல ஒரு டெக்கரேட்டர் (@னு ஆரம்பிக்கற வரி) போட்டா இனிட், ரெப்ர், ரெண்டு ஆப்ஜெக்ட் சமமான்னு பார்க்கற ஈக்யூ எல்லாம் தானா வரும். 3.7லயே வந்தாச்சு, 2018. துணிகளுக்கு நேரா [] போட்டா முதல்லயே எரர் குடுத்து நிறுத்திடும். அக்காவுக்குப் பேயே புகுந்திருக்காது.

இரவு_ஷிஃப்ட் | மாலை 7.05

முறுக்கை விட இது நூறு மடங்கு உருப்படியான பேச்சு. 😄

நானும் வேலையில டேட்டாகிளாஸ்தான் அதிகம் எழுதறேன். ஆனா முதல் கிளாஸ் கையாலதான் எழுதணும்ங்கறது என் கட்சி. செல்ஃபையும் இனிட்டையும் ஒரு தடவையாவது தன் கையால எழுதாதவங்களுக்கு, டேட்டாகிளாஸ் தர்ற எரர் எங்கேருந்து வருதுன்னு புரியாது. நாலாவது கிளாஸ்ல இருந்து தாராளமாப் போகலாம்.

ரெண்டு_வரி_போதும் | இரவு 8.00

நான் முதல்ல சொன்னதை விடல. பலசரக்குத் தம்பிக்கு கிளாஸ் சரி. ஆளுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துல எழுத நாலு முறைகள், நாளெல்லாம் மாறிக்கிட்டே இருக்கற பாக்கி. இது கிளாஸ் கேக்கற இடம். ஆனா இதைப் படிச்சுட்டு மாசக் கடைசி மெசேஜ் அனுப்பறதுக்கும் "மெசேஜ்அனுப்பி"ன்னு ஒரு கிளாஸ் எழுத ஆரம்பிச்சிடாதீங்க. இனிட்டும் இன்னொரு முறையும் மட்டும் இருக்கற கிளாஸ், கோட்டு சூட்டு போட்ட ஃபங்ஷன்தான்.

கிளாஸ் பிறந்த கதையே இதைத்தான் சொல்லுது. 1960கள்ல ஆஸ்லோவுல டாலும் நைகார்டும் சிமுலாங்கற மொழியை எழுதினது எதுக்கு? ஒரே மாதிரி பல பேர், ஆனா ஆளுக்கு ஒரு நிலைமை, எல்லாரும் ஒரே நேரத்துல நடமாடணும். அதைக் கம்ப்யூட்டருக்குள்ள நடத்திப் பார்க்க. அந்தத் தேவை இல்லாத இடத்துல கிளாஸைக் கொண்டு வந்து நிறுத்தினா அது சும்மா நிக்கும்.

இன்னொண்ணு, நேத்து யாரும் சொல்லல. கிளாஸ் போட்டா எழுத்துப்பிழைல இருந்து தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க. முருகன்.பாக்கீ = 0ன்னு நெடில் போட்டு எழுதினா பைத்தான் வாயே திறக்காது. பாக்கீன்னு புதுசா ஒரு பண்பை ஒட்டிட்டுப் போயிட்டே இருக்கும். பழைய பாக்கி அப்படியே நிக்கும். __ஸ்லாட்ஸ்__ போட்டா தடுக்கலாம், ஆனா அது இப்ப வேண்டாம்.

பலசரக்கு_பையன் | இரவு 9.15

எல்லாருக்கும் கும்பிடு. இன்னிக்கு மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரத்துல முழுசா மாத்தி எழுதிட்டேன். இனிட், கடன், வரவு, ரெப்ர். மூணு லிஸ்ட் போய் ஒரே லிஸ்ட், அதுல கணக்கு ஆப்ஜெக்ட்கள்.

ரெண்டு சந்தேகம். மொத்த வியாபாரிங்க சில பேர் இருக்காங்க, அவங்களுக்குக் கடன் வரம்பு உண்டு. அதுக்கு இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ்ல இருந்து இன்னொண்ணை வருவிக்கறது) போட்டு மொத்தக்கணக்குன்னு தனி கிளாஸ் எழுதணுமா?

ரெண்டாவது, ஜேசன் (டேட்டாவை எழுத்தா சேமிக்கற வடிவம்) ஃபைல்ல சேமிக்கப் போனா "ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் கணக்கு இஸ் நாட் ஜேசன் சீரியலைசபிள்"னு வருது. டிக்ஷனரியா இருந்தப்ப சேமிச்சுதே!

இரவு_ஷிஃப்ட் | இரவு 10.10

முதலாவதுக்கு வேண்டாம். வரம்புங்கறது பக்கத்துல இன்னொரு கட்டம், அவ்ளோதான். இனிட்ல வரம்பு=நன்னு ஒண்ணு சேர்த்துக்கோங்க. கடன் எழுதற முறையே அவங்களுக்கு வேற மாதிரி ஆகும்போது யோசிக்கலாம்.

ரெண்டாவதுக்கு ஒரு வேலை பண்ணுங்க. பிரிண்ட்(வார்ஸ்(முருகன்))னு அடிச்சு என்ன வருதுன்னு சொல்லுங்க.

பலசரக்கு_பையன் | இரவு 10.14

{'பெயர்': 'முருகன்', 'போன்': ..., 'பாக்கி': 250}

அண்ணா, இது டிக்ஷனரி! உள்ள இருந்தது அதுதானா?

இரவு_ஷிஃப்ட் | இரவு 10.22

அதேதான். நீங்க செல்ஃப்.பாக்கின்னு எழுதினது எல்லாம் முருகனுக்குள்ள இருக்கற இந்த டிக்ஷனரிக்குத்தான் போச்சு. கடன், வரவு முறைகள் இதுல இல்ல பாருங்க. அதெல்லாம் கிளாஸ்கிட்ட ஒரே ஒரு பிரதி, எத்தனை பேர் இருந்தாலும் ஒண்ணுதான். பக்கம் ஆளுக்கு ஒண்ணு, எழுதற முறை கடைக்கு ஒண்ணு.

சேமிக்கும்போது ஒவ்வொரு கணக்குக்கும் வார்ஸ் போட்டு லிஸ்ட்டா ஜேசனுக்குக் குடுங்க. என்ஷ்யூர்_ஆஸ்கி=ஃபால்ஸ் சேர்த்துக்கோங்க, இல்லேன்னா தமிழ்ப் பேரெல்லாம் குறுக்குக்கோடும் எண்ணுமா மாறிக் கிடக்கும். ஃபைல் கெடாது, ஆனா கண்ணால படிக்க முடியாது. திரும்பப் படிக்கும்போது கணக்கு(**பதிவு)ன்னு ஒவ்வொண்ணையும் உயிர்ப்பிக்கலாம். அந்த ரெண்டு நட்சத்திரம் டிக்ஷனரியைப் பிரிச்சு, பேர் பேரா இனிட்டுக்குக் குடுக்கும். அதுக்கு உங்க இனிட் பாக்கியையும் வாங்கிக்கணும். செல்ஃப், பெயர், போன், பாக்கி=0ன்னு மாத்திடுங்க, வரம்பு சேர்த்தா அதையும் கடைசியில. புது ஆளுக்கு 0, பழைய ஆளுக்கு ஃபைல்ல இருக்கறது.

பலசரக்கு_பையன் | மறுநாள் இரவு 9.50

ஓடுது. 61 பேரையும் ஏத்திட்டேன். சாயங்காலம் அப்பாவும் நானும் நோட்டையும் திரையையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு பேரா சரி பார்த்தோம். 60 பேர் சரி. ஒருத்தருக்கு மட்டும் 40 ரூபா வித்தியாசம். "உன் மெஷின் மறுபடியும் தப்பு பண்ணுது பார்"னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் கையால கூட்டிப் பார்த்தேன். நோட்டுலதான் தப்பு.

தையல்மெஷின் | இரவு 9.58

ஐயோ! அப்பாகிட்ட சொன்னியா தம்பி?

பலசரக்கு_பையன் | இரவு 10.01

இன்னும் இல்லக்கா.